தொழில்முனைவு வாத்தியார் நாற்பது வாசல் ஏறிய கதை

“இத்தன வருஷத்துல ஒருத்தர் வாசல்ல போய் நின்னு, ‘இத எடுத்துக்கங்க’ன்னு நான் கேட்டதில்ல. இனியும் கேக்க மாட்டேன். விக்கிறவன் வாயத் திறந்தா பொய் வரும். நான் வாயத் திறந்தா அளவு வரும்.”

இப்படி முழங்கியவர் துறவி அல்லர். தொழிற்பயிற்சி நிலையம் ஒன்றில் இருபத்தாறு ஆண்டுகளாக ஃபிட்டர் பட்டறையைக் கட்டி ஆள்கிற பயிற்றுநர். முழங்கிய இடம் ஆசிரியர் அறை. முழங்கிய நேரம், “வர்ற வாரத்துலேர்ந்து தொழில்முனைவுப் பாடம் உங்களுக்கு” என்று முதல்வர் ஒரு தாளை நீட்டிய அடுத்த நொடி.

முதல்வர் அசரவில்லை. “அப்படிங்களா? ரொம்ப சந்தோஷம். செவ்வாயும் வியாழனும், ரெண்டு ரெண்டு மணி நேரம்” என்றார்.

இந்தத் தேர்வுக்குப் பின்னால் ஆழ்ந்த கல்விச் சிந்தனை ஏதும் இருந்ததாகத் தெரியவில்லை. மின்பணிப் பயிற்றுநர் இந்தப் பேச்சு கிளம்பும் என்று முன்கூட்டியே மோப்பம் பிடித்துக் கழிவறைக்குள் போனவர், கூட்டம் முடிந்த பிறகுதான் வெளியே வந்தார். குழாய்ப்பணிக்காரர் தொண்டைக்கு மருத்துவச் சான்றிதழோடு வந்திருந்தார். செவ்வாயும் வியாழனும் காலியாக இருந்தவர் நம்மவர் ஒருவர்தான். ஆனால் அவர் அதை அவ்வளவு எளிதில் நம்பவில்லை. “என் டைம்டேபிளப் பாத்து எவனோ போட்டுக் குடுத்திருக்கான்” என்று ஒரு வாரம் எல்லோர் முகத்தையும் உற்றுப் பார்த்தார். அந்த அட்டவணை வாசலுக்கு எதிரே, சுவரில், கண்ணாடி போட்டு மாட்டியிருந்தது.

மாணவர்கள் அவரை வெர்னியர் என்பார்கள். முகத்துக்கு நேரே வெர்னியர் சார். நூலளவு வித்தியாசத்தையும் காட்டிக்கொடுக்கும் அந்த அளவுகோலைச் சட்டைப்பையில் பேனாவுக்குப் பக்கத்தில் வைத்திருப்பவர். அவர் பட்டறையில் ஒரு சட்டம் உண்டு. மாணவன் இரும்புத் துண்டை அராவிச் சதுரமாக்கிக் கொண்டுவந்து காட்டுவான். அதற்கு ஜாப் என்று பெயர். மதிப்பெண் போட்ட மறுகணமே அந்த ஜாப்பின் ஒரு மூலையில் ரம்பத்தால் சின்னதாக ஒரு வெட்டு விழும். இல்லாவிட்டால் அதே துண்டு அடுத்த வருடம் வேறொருவன் கையில் புத்தம்புதிதாக மினுமினுத்துக்கொண்டு வந்து நிற்கும். இருபத்தாறு ஆண்டுகளில் வெர்னியரிடம் எந்த இரும்பும் இரண்டு முறை தேறியதில்லை.

தொழில்முனைவைக் கற்பிக்க அவருக்கே மூன்று நாள் பயிற்சி கொடுத்தார்கள். கோட்டுப் போட்ட ஒருவர் வந்து, காகிதக் கோப்பைகளால் கோபுரம் கட்டச் சொன்னார். பந்தை ஒருவருக்கொருவர் எறிந்து விளையாடச் சொன்னார். கண்ணை மூடிக்கொண்டு, நீங்கள் ஒரு கழுகு, மேலே பறக்கிறீர்கள் என்று நினைத்துக்கொள்ளச் சொன்னார். எல்லாரும் பறந்தார்கள். வெர்னியர் மட்டும் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தார். கோட்டுக்காரர் கண்ணை மூடாமல் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார். ‘பயிற்சியாளர் பறக்கவில்லை’ என்று கருத்துப் படிவத்தில் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்துவிட்டு வந்தார்.

வகுப்பில் பதினெட்டுப் பேர். வெவ்வேறு தொழிற்பிரிவுகளிலிருந்து வந்தவர்கள். முதல் நாளே அவர்களிடம் வெர்னியர் கேட்டார். “சொந்தத் தொழில் ஆரம்பிக்கணும்னு யாருக்கெல்லாம் ஆச?” பதினோரு கைகள் எழுந்தன. பெருமூச்சு விட்டுவிட்டுக் கரும்பலகையில் முதல் பாடத்தின் தலைப்பை எழுதினார்: ‘கூட்டாளி’.

“கூட்டாளிங்கறவன் யாரு? உன் சாவியோட இன்னொரு சாவி வச்சிருக்கறவன். எழுதிக்கங்க.”

எழுதிக்கொண்டார்கள். அடுத்த வாரம் சரக்குக் கொடுப்பவன். அதற்கடுத்த வாரம் இடம் கொடுப்பவன். நான்காவது வாரம் மச்சான். மச்சானுக்குப் பாடத்திட்டத்தில் இடமில்லை, வெர்னியர் தம் சொந்த அனுபவத்திலிருந்து சேர்த்துக்கொண்டார். ஐந்தாவது வாரம் வாடிக்கையாளர்.

“கஸ்டமர் எதுக்கு வர்றான்? உன்ன ஏமாத்திட்டுப் போக வர்றான்.”

பின்வரிசையிலிருந்து ஒரு வெல்டிங் பையன் கேட்டான். “அப்ப யாருமே கடைக்கு வராம இருந்தா சார்?”

“நிம்மதியா இருக்கலாம்.”

“வாடகை?”

“அதுக்குத்தான் ஒரு வேலைக்குப் போன்னு சொல்றேன்.”

ஐந்து வாரத்துக்குப் பிறகு மறுபடி கை தூக்கச் சொன்னபோது ஒரே ஒரு கை மிச்சமிருந்தது. தொழில்முனைவுக் கல்வியின் வரலாற்றில் இவ்வளவு குறுகிய காலத்தில் இவ்வளவு தெளிவான விளைவு வேறெங்கும் கிடைத்திருக்காது. வெர்னியருக்கும் அதில் திருப்திதான்.

மிச்சமிருந்த அந்தக் கை அக்காவுடையது. வீட்டு மின்சாதனப் பழுதுபார்ப்புப் பிரிவு. வயது முப்பத்தாறு. மற்றவர்கள் எல்லாரும் பதினெட்டு, இருபது என்பதால் அக்கா. அவரைவிடப் பத்து வயது மூத்த காவலாளியும் அக்கா என்றுதான் கூப்பிடுவார். பெட்டி அடைக்கும் கம்பெனி ஒன்றில் ஒன்பது வருடம் நின்றுகொண்டே வேலை பார்த்து முழங்கால் தேய்ந்துபோய், இனி உட்கார்ந்து செய்கிற தொழிலாகப் பழகிக்கொள்வோம் என்று வந்து சேர்ந்தவர்.

அவர் திட்டம் எளிமையானது. “ரிப்பேரான பொருள வீட்டுல போயே எடுத்துக்குவேன் சார். சரி பண்ணிக் குடுக்கற வரைக்கும் அவங்களுக்கு வேல நிக்கக் கூடாது இல்லீங்களா? மாத்துக்கு ஒண்ண வச்சுட்டு வருவேன். மிக்சின்னா மிக்சி, அயர்ன் பாக்ஸ்னா அயர்ன் பாக்ஸ்.”

வெர்னியர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். “உங்க மாத்து மிக்சியத் தூக்கிட்டு ராவோட ராவா வீட்டக் காலி பண்ணிட்டுப் போயிட்டாங்கன்னா?”

“ஒரு மிக்சிக்காக யாரு சார் வீட்டக் காலி பண்ணுவாங்க?”

வகுப்பு சிரித்தது. வெர்னியர் சிரிக்கவில்லை. அப்படிக் காலி செய்யக்கூடிய மூன்று பேரையாவது அவரால் அந்த நிமிடமே சொல்ல முடியும்.

இந்த நிலையில்தான் அந்த அறை வந்தது. நிலையத்தின் பின்வாசலை ஒட்டித் தெருவைப் பார்த்தபடி ஓர் அறை சும்மா கிடந்தது. இழுத்துச் சாத்தும் இரும்புக் கதவு, இரண்டு ஜன்னல், பட்டறைக்கு வேண்டிய மின்சாரம். தொழில் தொடங்கும் மாணவர் ஒருவருக்கு அதை ஒரு வருடம் வாடகையில்லாமல் கொடுக்கலாம் என்று மேலிடத்து உத்தரவு. நிபந்தனை ஒன்றுதான்: ‘அடுத்த முறை பழுதானால் இவரிடம்தான் கொடுப்பேன்’ என்று நாற்பது வீட்டுக்காரர்கள் தனித்தனிப் படிவத்தில் கையெழுத்திட்டிருக்க வேண்டும். படிவங்கள் உண்மை என்று தொழில்முனைவு ஆசிரியர் எழுதிக் கொடுக்க வேண்டும். வெள்ளிக்கிழமை நாலு மணி கடைசி.

முதல்வருக்கு இந்த உத்தரவு கசந்தது. உடைந்த நாற்காலிகளைப் போட்டுவைக்க அந்த அறையை அவர் ரொம்ப நாளாகவே மனதில் குறித்துவைத்திருந்தார். “நாப்பது இருந்தா ரூம். முப்பத்தொம்பதுன்னா நாற்காலி” என்று சொல்லிவிட்டார்.

பரிசு என்றதும் இன்னும் நாலு பேர் படிவம் கொண்டுவந்தார்கள். வெர்னியர் ஜன்னல் வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தார். வெல்டிங் பையனின் நாற்பது வீட்டுக்காரர்களும் ஒரே பேனாவால் எழுதியிருந்தார்கள். நாற்பது பேருக்கும் ஒரே எழுத்தில் ஒரே பிழை.

“ஏண்டா, ஒரு தெருவே சேந்து ஒரே வாத்தியார்கிட்ட படிச்சுதா?”

“அப்படித்தான் சார் நெனைக்கிறேன்.”

நாலு பேரும் வெளியே போனார்கள். போட்டியில் மிஞ்சியது இரண்டு: அக்கா, நாற்காலிகள்.

அக்காவின் நாற்பது படிவங்களையும் பார்த்தபோது வெர்னியருக்கு முதுகெலும்பு நிமிர்ந்தது. நீல மை, கறுப்பு மை, பென்சில். ஒன்றில் எண்ணெய்க் கறை. ஒன்றில் கட்டைவிரல் ரேகை. ஒன்றின் பின்பக்கம் ஏதோ குழந்தை வரைந்த பூனை. குறை சொல்ல ஓர் இடம் இல்லை. அதுதான் அவரை உலுக்கியது. அரைகுறையாக ஏமாற்றுகிறவனை அவருக்குத் தெரியும். பூனை வரைகிற அளவுக்குத் திட்டம் போட்டு ஏமாற்றுகிற ஆளை அவர் வாழ்க்கையில் சந்தித்ததே இல்லை.

“இந்தப் பூனைய யாரும்மா வரைஞ்சது?”

“அந்த வீட்டுப் பாப்பா சார். அவங்கம்மா கையெழுத்துப் போடறதுக்குள்ள பிடுங்கிடுச்சு.”

“பாப்பாவுக்கு என்ன வயசு?”

“நாலோ அஞ்சோ இருக்கும்.”

“நாலா, அஞ்சா?”

அக்கா அவரைப் பார்த்தார். “சார், வீட்டுல ஈயம் உருக்கற சால்டர் வாசம் வந்தா சாவியக் குடுத்துட்டுப் போகச் சொல்லிட்டாரு ஹவுஸ் ஓனர். இந்த ரூம் கெடைக்கலன்னா திங்கக்கிழமை பழைய கம்பெனிக்கே போயி நிக்கணும். ஆள் வேணும்னு கூப்பிட்டிருக்காங்க. பொய் எழுதறதுன்னா நான் எதுக்கு சார் இந்தக் காலோட நாப்பது வீடு நடக்கறேன்?”

“நடந்தீங்களான்னுதான் பாக்கப் போறேன்” என்றார் வெர்னியர்.

புதன்கிழமை மதியம் கிளம்பினார். முதல் வீட்டில் அழைப்புமணியை அழுத்திவிட்டு ஓரடி பின்னால் தள்ளி நின்றார். ஜன்னல் திறந்து ஓர் அம்மாள் எட்டிப் பார்த்தார்.

“மீட்டர் பாக்கவா?”

“இல்லீங்க. இந்தக் கையெழுத்து உங்களுதா?”

“எதுக்குக் கேக்கறீங்க?”

“ஒரு விசாரணை.”

ஜன்னல் பாதி மூடியது. மூடாத பாதி வழியே வெர்னியர் தம் ஆயுதத்தை எடுத்தார். “உங்ககிட்ட வந்த அம்மா கண்ணாடி போட்டிருந்தாங்களா?” அக்காவுக்குக் கண்ணாடி கிடையாது. பொய்க் கையெழுத்தாக இருந்தால் இங்கே வழுக்கும்.

“இல்லியே. காலக் கொஞ்சம் தாங்கித் தாங்கி நடந்துச்சு. ஏன், என்ன ஆச்சு?”

“ஒண்ணும் ஆகல.” பூனையில்லாத அந்த முதல் படிவத்தின் மூலையைக் கிழித்தார். சரிபார்த்தாயிற்று.

அவர் திரும்பும்போது அந்த அம்மாள் கேட்டார். “அது சரி, அந்தம்மா நல்லா வேல செய்யுமா?”

“நான் அதச் சொல்லக் கூடாது. நான் சரிபாக்க வந்தவன்” என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

வெள்ளி வரைக்கும் இதேதான். கண்ணாடி போட்டிருந்தார்களா, எந்தக் கையால் எழுதினார்கள், கதவைத் தட்டினார்களா, மணி அடித்தார்களா. ஒருவர்கூட வழுக்கவில்லை. பன்னிரண்டாவது வீட்டுக்காரர் மட்டும் வெர்னியருக்கு நிகராக இருந்தார். அடையாள அட்டையைக் கேட்டு வாங்கி, படத்தையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

“இதுல மீச இருக்கு.”

“எடுத்துட்டேன்.”

“ஏன் எடுத்தீங்க?”

தம் மீசைக்கு இதுவரை எவருக்கும் விளக்கம் சொல்லிப் பழகாத வெர்னியர் திணறிப்போனார். வெளியே வந்தபோது அந்த மனிதர் மீது அவருக்குப் பெரிய மரியாதை வந்துவிட்டிருந்தது.

வியாழன் மாலை வீட்டில் கால் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவரைப் பார்த்து மனைவி சொன்னார். “ரெண்டு நாளா முப்பது வீடு ஏறியிருக்கீங்க. கையில ரெண்டு சோப்பு குடுத்து அனுப்பியிருந்தா நாலு காசு பாத்திருக்கலாம்.”

“நான் விக்கப் போகல. விசாரிக்கப் போனேன்.”

“தெரியுதே. பக்கத்துத் தெருவுலேர்ந்து எங்க ஆபீஸ் தோழி போன் பண்ணினா. ‘யாரோ ஒரு ரிப்பேர் பொம்பளையப் பத்தி வெசாரண நடக்குதாம், எதாச்சும் திருட்டா’ன்னு கேக்கறா.”

வெர்னியர் காலை விட்டுவிட்டார். “திருட்டுன்னு நான் எங்க சொன்னேன்?”

“எதுவுமே நீங்க சொல்லலையாம். அதான் அவளுக்குச் சந்தேகம்.”

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது வீடு பார்த்தார். கதவுகள் முன்பைவிட மெதுவாகத் திறந்தன. முப்பத்தேழாவது வீட்டில், “என் கையெழுத்த எடுத்துடலாங்களா?” என்று ஒரு பெரியவர் இழுத்தார். படிவத்தின் மூலை ஏற்கெனவே கிழிந்திருப்பதைக் காட்டி, முடிந்துவிட்டது என்று சொல்லித் தப்பித்து வந்தார். பூனை வீட்டில், நாலரை வயதுப் பூனைக்காரி கதவுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள். நாலும் இல்லை அஞ்சும் இல்லை என்று அவர் குறித்துக்கொண்டார். இரண்டு மணிக்கு முப்பத்தொன்பது படிவங்களுக்கு மூலை இல்லை. எல்லாமே உண்மை. இருபத்தாறு ஆண்டுகளில் இப்படி ஒரு ஏமாற்றத்தை அவர் அனுபவித்ததில்லை.

நாற்பதாவது ஒரு தையல்காரர். வீட்டின் முன்னறைதான் கடை. மேசை மேல் இஸ்திரிப்பெட்டி. வெர்னியர் படிவத்தை நீட்டுவதற்கு முன்பே அவர் பேசினார்.

“வாங்க. உங்களத்தான் எதிர்பாத்துட்டிருந்தேன். என்ன பண்ணிச்சு அந்தம்மா?”

“ஒண்ணும் பண்ணல.”

“ஒண்ணும் பண்ணாதவங்களப் பத்தி எதுக்கு சார் மூணு நாளா வீடு வீடா கேக்கறீங்க?”

“அது என் வழக்கம். எல்லாரையும் பத்தித்தான் கேப்பேன்.”

“எல்லாரையும் பத்திக் கேக்கறவரு என் வீட்டுக்கு இதுக்கு முன்னாடி ஒரு தடவகூட வந்ததில்லையே.” தையல்காரர் படிவத்தை வாங்கினார். “கையெழுத்து என்னுதுதான். அந்தம்மா தங்கமாத்தான் பேசிச்சு. ஆனா பாருங்க, என் அயர்ன் பாக்ஸ் போச்சுன்னா என் பொழப்புப் போச்சு. விசாரிக்கற அளவுக்குப் போன ஆளு எனக்கு வேணாம்.” மேசையிலிருந்த அடிக்கோலை எடுத்து வைத்து, தம் கையெழுத்தின் குறுக்கே இரண்டு நேர்க்கோடு போட்டார். அளவெடுத்தாற்போல் இருந்தன கோடுகள்.

“நான் விசாரிக்கலன்னா?”

“விசாரிக்கலன்னா என்ன? நான் பாட்டுக்குக் குடுத்திருப்பேன்.”

தெருவில் வந்து நின்றார். கையில் முப்பத்தொன்பது. நாற்காலி. எந்தப் பொய்யையும் கண்டுபிடிக்காமலே ஒரு பெண்ணின் பெயரை மூன்றே நாளில் கெடுத்து முடித்திருந்தார். அப்போது கைப்பேசி அடித்தது. அக்கா.

“சார், தையல்கார அண்ணன் மதியத்துல கொஞ்சம் கண் அசருவாரு. மெதுவாத் தட்டுங்க, கோவிச்சுக்குவாரு.”

“தட்டிட்டேம்மா.”

“அப்புறம்… அந்தக் கம்பெனியில அஞ்சு மணிக்குள்ள பதில் சொல்லுன்னு கேட்டிருக்காங்க. வர்றேன்னு சொல்லிரட்டுமா சார்?”

“சொல்லாதீங்க.”

“முடிஞ்சுதா சார்?”

“இன்னும் ஒரு வீடு இருக்கு” என்று சொல்லி வைத்தார். அந்த வீடு எது என்று அவருக்கே தெரியாது.

நிபந்தனைத் தாளைப் பையிலிருந்து எடுத்து நின்ற இடத்திலேயே மூன்று முறை படித்தார். நாற்பது வீட்டுக்காரர்கள் கையெழுத்திட வேண்டும் என்றிருந்தது. யார் போய்க் கேட்க வேண்டும் என்று எங்கும் இல்லை. நல்ல ஓட்டை. வேறொருவர் இப்படி ஓட்டை கண்டுபிடித்திருந்தால் அவரே பிடித்துக் கொடுத்திருப்பார். நிலையம் இங்கிருந்து பத்து நிமிட நடை. மணி மூன்று ஆகப் பத்து நிமிடம் இருந்தது.

தையல்காரரின் பக்கத்து வீட்டுக்கு அக்கா வந்ததில்லை. வெர்னியர் படியேறினார். மணியை அழுத்தப் போன விரல் ஒருமுறை திரும்பி வந்து, மறுபடி போனது. கதவின் சங்கிலி இடைவெளியில் ஒரு பெண்ணின் முகம் தெரிந்தது.

“ஒண்ணும் வேணாங்க.”

“நான் இன்னும் எதுவுமே சொல்லலியே.”

“சொல்லப் போறீங்க இல்ல?”

இப்போது என்ன சொல்ல வேண்டும் என்று எந்த வாரத்துப் பாடத்திலும் அவர் நடத்தியிருக்கவில்லை. “மின்சாமான் ரிப்பேர் பண்ற ஒரு அம்மா இருக்காங்க. என்கிட்ட படிக்கறவங்க. உங்க வீட்டுலேயே வந்து எடுத்துட்டுப் போயி, அதுவரைக்கும் மாத்து ஒண்ணு வச்சுட்டுப் போவாங்க.”

“யாரு, அந்த வெசாரணைக்கார அம்மாவா?”

“அந்த அம்மாதான். விசாரிச்சது நான்தான். நாப்பது வீட்டுல கேட்டேன். ஒரு பொய் இல்ல. சந்தேகப்படறது எனக்கு ஒரு வியாதி. அவங்க மேல தப்பில்ல.”

சங்கிலி அசையவில்லை. “நல்லா வேல செய்வாங்களா?”

“அவங்க சால்டர் வச்ச ஒயர என் பட்டறை மேசையில போட்டுப் பாத்திருக்கேன். இழுத்தும் பாத்தேன். வரல.” தொண்டையைச் செருமிக்கொண்டார். “வீட்டுல எதாச்சும் ரிப்பேர் இருந்தா… அவங்ககிட்ட குடுங்க. குடுத்துப் பாருங்க.”

பிறகு சங்கிலி விழுந்தது. அந்தப் பெண் உள்ளே போய், தலை தொங்கிய ஒரு மேசை மின்விசிறியைத் தூக்கிக்கொண்டு வந்து வாசலில் வைத்தார்.

“மூணு மாசமா சுத்தல. எங்க கையெழுத்துப் போடணும்?”

பையில் கிடந்த மூன்று வெற்றுப் படிவங்களில் ஒன்றை எடுத்து வெர்னியர் இடத்தைக் காட்டினார். ஓரத்தில், ‘இந்த வீட்டில் கேட்டது நான்’ என்று எழுதித் தாமும் கையெழுத்திட்டார். மூலையைக் கிழித்தார். நாற்பது.

மின்விசிறியை அக்குளில் இடுக்கிக்கொண்டு படியிறங்கினார். மணி மூன்று ஐந்து. நிலையத்துக்குப் போக இன்னும் நேரம் இருந்தது. பையில் இரண்டு வெற்றுப் படிவங்கள் மீந்திருந்தன. எதிர்வீட்டு வாசலில் ஒருவர் வண்டியைத் துடைத்துக்கொண்டே இவரையும் மின்விசிறியையும் ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

வெர்னியர் தெருவைக் கடந்து அவர் வாசலில் போய் நின்றார்.

“சார், உங்க வீட்டுல ஃபேனு கீனு எதாச்சும் சத்தம் போடுதா?”